லாபம் என்றால் ஒன்று

மகனே,

சலாம் சொல்லித்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்க வேண்டும். சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள். ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்து எழுகிற நமக்குள் கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். வெள்ளிக்கிழமை நான் பேச வாயெடுத்தபோது நீ கதவைச் சாத்திக்கொண்டாய். நேற்று முழுவதும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாய். இன்று விடிந்ததும் கூட்டாளி வீட்டில் படிக்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நாளைக் காலை பத்து மணிக்கு உனக்குப் பரீட்சை. அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். அதனால்தான் மொட்டை மாடியில் காயப் போட்ட மிளகாயைக் கூட அள்ளாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை வந்தால் வரட்டும். எழுதுகிறவள் பாதி கோபத்திலும் பாதி பயத்திலும் இருக்கிறாள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படி.

உனக்கு இந்தப் பரீட்சை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இன்ஜினியரிங்கில் மூன்றாம் வருஷம் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த நாள் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு நீ போனபோது, நம் தெருவுக்கே ஆர்டர் வந்தால் வேறு பையனிடம் மாற்றிவிடுவாய். அதுவும் தெரியும். பெருநாளைக்கு வருகிற சொந்தக்காரர்கள், "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் உன் அத்தா தண்ணீர் குடிக்கப் போவார். தோல் பதனிடுகிற ஷாப்பில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தாலும் சளைக்காத மனுஷன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எழுந்து போவார். அப்படி இருந்த வீட்டில், வேர்ஹவுஸ் கோர்ஸ் படிக்கப் போகிறேன், சான்றிதழ் கிடைத்தால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெரிய குடோனில் வேலை என்று நீ வந்து சொன்னாய். குடோனில் மூட்டை அடுக்கவா ஒரு படிப்பு என்று உன் மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உன் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். அது எதில் வந்தால் எனக்கென்ன?

படிக்க ஆரம்பித்த புதிதில் நீ என் சமையலறையைப் படுத்திய பாடு கொஞ்சமா? நான் அரைத்து விற்கிற மிளகாய்த்தூள், மல்லித்தூள், சிறுமலை மிளகு எல்லா டப்பாவிலும் தேதி ஒட்டினாய். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் தள்ளினாய். அலமாரித் தட்டுகளுக்கு எழுத்தும் நம்பரும் கொடுத்தாய். உன் அத்தா டீக்குச் சர்க்கரை தேடி அலைந்து, "ஏம்புள்ள, சர்க்கரைக்கு அட்ரஸ் என்ன?" என்று கேட்டது இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மாதம் எனக்கு ஒரு பொட்டலத்தில்கூட வண்டு விழவில்லை. நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இன்றைக்கும் அந்தப் படிப்பின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

பைபாஸ் பக்கத்து மக்காச்சோள குடோனில் உனக்கு வேலைப் பயிற்சி. லாரியிலிருந்து மூட்டை இறங்கும். லோடுமேன்களில் மூத்தவர் சின்னக்காளை லாரி ஓரமாக நின்று, ஒவ்வொரு மூட்டையும் முதுகில் ஏறும்போது சத்தமாக எண்ணிக் கூப்பிடுவார். நீயும் தனியாக எண்ணி, லாரிக்காரர் கொண்டுவந்த பில்லோடு சரிபார்க்க வேண்டும். வாசலில் நின்று மூட்டையைக் கண்ணால் பார்த்து எண்ணு என்றுதான் உன் வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். சோளத் தூசி பட்டால் ராத்திரி தூங்க முடியாது. அதனால் நீ உள்ளே, மூட்டை அடுக்கிய அட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் குரலைக் கேட்டுக் கேட்டு கையிலிருந்த எண்ணும் கிளிக்கரை அமுக்கினாய். இதில் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் உன் பக்கத்தில் இருந்திருந்தால் நானே உள்ளே போய் நில் என்று சொல்லியிருப்பேன்.

லாரிக்கு லாரி ஒரு மூட்டை குறைந்தது. பில்லில் முந்நூறு என்றால் உன் கிளிக்கரில் இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. சின்னக்காளை மட்டும் முந்நூறு என்று கூப்பிட்டு முடித்தார். நீ காதைத் தீட்டிக் கேட்டாய். கண்டுபிடித்தாய். மேனேஜரிடம் போய்ச் சொன்னாய். அவர் வெளியூர்க்காரர், மண்டி வாசலை மிதித்தறியாதவர். உன் முதுகில் தட்டிக்கொடுத்தார். பரீட்சை எடுக்கக் குடோனுக்கே வருகிறவர்கள் முன்னால் இதையே உன் பயிற்சி அறிக்கையாகச் சொல், குடோனில் நடந்த இழப்பை ஒரு மாணவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று சொல் என்றார். சின்னக்காளையைக் கூப்பிட்டு, லாரிக்கு ஒரு மூட்டையை வெளியே தள்ளிவிட்டு எண்ணிக்கையில் மறைக்கிறாய், நாளையிலிருந்து வராதே என்று அனுப்பிவிட்டார். அவர், அட்டியைப் பிரித்து எண்ணிப் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். கூரையைத் தொடுகிற அட்டியைப் பிரித்து எண்ணக் கூலி யார் கொடுப்பது? மூட்டை எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது. கேட்பாரில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நீ இதைச் சொன்ன விதம் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சின்னக்காளை மாதிரி குரலை இழுத்துக் காட்டினாய்.

"'லாபேம்'னு ஒரு சத்தம் போடுறாரும்மா. சாமி கும்புடுறாராம். அப்புறம் நேரா ரெண்டேய், மூணேய். ஒண்ணையே காணோம்! சாமி பேரச் சொல்லிக்கிட்டே திருடுறாங்க. இத்தன வருசமா எவனுக்கும் தெரியல. நான் பிடிச்சேன்."

உன் அத்தா தொடையைத் தட்டிச் சிரித்தார். "எம்புள்ள மூளையப் பாத்தியா" என்றார். எனக்கு சால்னா கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"அப்பு, லாபம்னா ஒண்ணுதானப்பா" என்றேன்.

"என்னம்மா சொல்ற?"

"மண்டியில மொதல் அளவ ஒண்ணுன்னு சொல்ல மாட்டாக. லாபம்னுதான் சொல்லுவாக. நான் மல்லி வாங்கப் போற கடையிலயும் அப்புடித்தேன். லாபம், ரெண்டு, மூணு. அந்தச் சத்தத்துக்கு ஒரு மூட்டை எறங்கியிருக்கும்ல?"

நீ வாயில் வைத்ததை விழுங்கவில்லை. உன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். பிறகு, "அது மண்டியில. குடோன்ல வேற" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டாய். தட்டில் இரண்டு பரோட்டா அப்படியே இருந்தது.

அன்றைக்குப் படுத்தபிறகு யோசித்துப் பார்த்தேன். என் பிள்ளைக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? வேற்று நாட்டிலா வளர்ந்தான்? யோசிக்க யோசிக்க விஷயம் என் அடுப்படிக்கே வந்து நின்றது. நான் அரிசி அளக்கப் படியைத் தொட்டால் ஆண்டவன் பேரால் தொடங்குகிறேன் என்று பிஸ்மி சொல்வேன். சொல்லி முடித்தபிறகுதான் படி அரிசிக்குள் இறங்கும். அதற்கப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு. நம் வீட்டில் பிஸ்மிக்கு அரிசி விழாது. அவர்கள் லாபத்துக்கு மூட்டை விழும். நீ அவர்கள் சொன்ன வார்த்தையை நம் வீட்டு வார்த்தை மாதிரி எடுத்துக்கொண்டாய். அவர்கள் ஆண்டவன் பேரைச் சொல்லித் தொடங்குகிறார்கள், அதற்குக் கிளிக்கரை அமுக்கக் கூடாது என்று மரியாதையாகத்தான் விரலை எடுத்திருப்பாய். அவர்களுக்கோ, லாபம் என்றால் ஒன்று என்பது சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமே இல்லை. அதனால்தான் முந்நூறு முந்நூறு என்று சத்தியம் செய்தாரே தவிர, இதை விளக்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பக்கமும் பொய் இல்லை. ஆனால் நடுவில் ஒரு மனுஷன் திருடன் ஆகிவிட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இந்தத் தப்புக்காக உன்னை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் என் மகன் தெரியாமல் செய்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் அது செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. புதன்கிழமையிலிருந்து அதற்குப் பெயர் வேறு.

புதன்கிழமை நீ முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாய். வேறு ஊர் லோடுமேன்கள் வந்திருந்தார்கள். அந்தப் புது ஆளும் லாபம் என்றுதான் தொடங்கினார். அந்தச் சத்தத்துக்கு ஒரு மூட்டை உன் கண்ணுக்கு முன்னால் முதுகில் ஏறிப் போயிற்று. நீ கிளிக்கரை அமுக்கினாய். முந்நூறு சரியாக வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டிச் சாவியை ஆணியில் மாட்டாமல் நேராக அடுப்படிக்கு வந்தாய். "ம்மா, நீ சொன்னது சரிதான். யார்கிட்டயும் சொல்லாத" என்றாய். அதற்கப்புறம் இதையும் சொன்னாய். "மேனேஜர் என்ன சொல்றார் தெரியுமா? பழைய ஆள் போனதும் கணக்கு சரியாயிருச்சு, பாத்தியா, அப்ப அவன்தான் திருடன்ங்கிறார்."

நீ சரியாக எண்ணத் தொடங்கியதே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. இதைவிட ஒரு கொடுமையை வேண்டுமென்று யோசித்தாலும் செய்ய முடியாது. அப்போதே, அந்த நிமிஷமே, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். "நாளைக்குச் சொல்லலாம்" என்றாய். உன் அத்தாவும், "பரீட்சை முடியட்டும் புள்ள, அவன் வாழ்க்கைய கெடுத்துராத" என்றார். நானும் ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் தள்ளிப்போட்ட உண்மை மறுநாள் இரண்டு மடங்கு கனக்கும் என்று எனக்கு உறைக்க வியாழக்கிழமை ஆயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு சீப்பு மலை வாழைப்பழம். "பாயம்மா, தம்பி வீடு இதானுங்களா" என்றார். சின்னக்காளை என்று பெயரையும் சொன்னார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி நல்ல புள்ளைங்கம்மா. எங்ககிட்ட ஒரு நா மரியாத கொறவாப் பேசுனதில்ல. உள்ள எழுதுறது தம்பிதான். எம் மேல தப்பில்லன்னு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. அந்த ரோட்டுல இருக்குற எந்தக் குடோன்லயும் ஏத்த மாட்டேங்கிறாங்க. இன்னைக்குக் காலையில அய்யலூர் சந்தைக்கு ரெண்டு ஆட்டப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். அங்கயும் ஒருத்தன், சோள மூட்டை தின்ன ஆடா மாமான்னு கேக்குறான்."

யார் தன்னை மாட்டிவிட்டது என்று அவருக்குத் தெரியாது. உன்னிடமே நியாயம் கேட்டு வந்திருந்தார். நீ உள் அறையில் இருந்தாய். கதவிடுக்கு வழியாக, இல்லை என்று சொல் என்று எனக்குக் கையை ஆட்டினாய். நான் சொல்லவில்லை. "இருக்கான் அண்ணே, கூப்புடுறேன்" என்று சொல்லி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். குளியலறைக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. மறுபடி கூப்பிட்டேன். தண்ணீர் வாளி நிறைந்து தரையில் வழிகிற சத்தம் வெளியே வரை கேட்டது. உன் அம்மா உன்னைக் கூப்பிட்டு நீ வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"குளிக்கிறாப்புல. இருக்கட்டுங்கம்மா, சொல்லிருங்க" என்று எழுந்துவிட்டார். பழத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். "படிக்கிற புள்ளைக்கும்மா" என்று வைத்துவிட்டுப் போனார். அந்தப் பழத்தை யாரும் தொடவில்லை. அடுத்த நாள் மாட்டுக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நீ வந்ததும்தான் நமக்குள் வெடித்தது. நீ சொன்னதை எல்லாம் மறந்துவிடலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. "ஒரு லோடுமேனுக்காக என் வாழ்க்கைய அழிச்சுக்கச் சொல்றியா? அவருக்கு வேற குடோன் கெடைக்கும். எனக்கு வேற பரீட்சை கெடையாது" என்றாய். அறிக்கை முழுக்க அந்தக் கண்டுபிடிப்புதான், அதை எடுத்தால் கையில் ஒன்றும் இல்லை என்றாய். மேனேஜர் கையெழுத்துப் போடாவிட்டால் பரீட்சைக்கே உட்கார முடியாது என்றாய். எல்லாம் உண்மை. "உண்மையச் சொல்றதுக்கு நான் மட்டும்தான் கெடச்சேனா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாய்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், நீ மட்டும்தான் கிடைத்தாய். மேனேஜருக்குத் தெரியாது. வாத்தியாருக்குத் தெரியாது. அந்த அட்டிக்கு வாய் இல்லை. நீ கேட்ட அன்று சின்னக்காளைக்கே தான் எப்படித் திருடன் ஆனோம் என்று தெரியாது. அன்று உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும், மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். நம் வீட்டில் மூன்று உலைமூடி இருக்கிறது. அதைப் போட்டு ஒரு ஏழையின் வாயை மூடிவிட்டு நாம் சோறு தின்றுகொண்டிருக்கிறோம்.

கல்யாணம், வேலை, வெளியூர் என்று நீ என்னைவிட்டு ஒரு நாள் போய்விடுவாய். அதற்குள் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். தலைக்கு எண்ணெய் வை, வட்டிக்கு வாங்காதே, வருகிறவளை அழவைக்காதே என்று சாதாரண விஷயங்கள்தான். இப்போது அதெல்லாம் பின்னால் போய்விட்டது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். வேலையில் தப்பு வராமல் யாராலும் இருக்க முடியாது. உன் அத்தா கெடுக்காத தோலா, நான் தீய்க்காத மசாலாவா? தப்பு நம் கையை விட்டுப் போய் இன்னொருவர் தலையில் உட்காராமல் பார்த்துக்கொள்ளலாம். உட்கார்ந்துவிட்டால் ஓடிப்போய் எடுக்கலாம். நீ நாளைக்கு நூறு பேர் வேலை பார்க்கிற இடத்தில் மேற்பார்வை செய்யப் போகிறவன். அங்கேயும் மூட்டை குறையும், பெட்டி உடையும், யாராவது ஒரு வாயில்லாதவன் பக்கத்தில் நிற்பான். அவனைக் காட்டிவிட்டால் வேலை சுலபம். அந்தச் சுலபத்தை நீ இந்த வாரம் ருசி பார்த்துவிட்டாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பரீட்சையில் நீ தோற்பது எனக்குப் பயம் இல்லை.

இனி, உன்னிடம் மறைக்கக் கூடாத ஒரு விஷயம். இன்று காலை நீ போன பிறகு நான் பஸ் ஏறி அய்யலூர்ப் பக்கம் போனேன். விசாரித்து விசாரித்து சின்னக்காளை வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேலை நாளில் வீட்டில் இருந்து பழகாத மனுஷனின் வீட்டில் அந்த நாலைந்து நாளுக்கே ஒரு மாதிரி அமைதி வந்துவிட்டிருந்தது. அவர் சம்சாரம் பாண்டியம்மா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ உள்ளே நின்று குரலைக் கேட்டு எண்ணியது, லாபம் என்பதைப் பிஸ்மி மாதிரி நினைத்தது, புதன்கிழமை தெரிந்துகொண்டது, வியாழக்கிழமை குழாயைத் திறந்துவிட்டது. ஒன்றையும் விடவில்லை.

அவர் முதலில் சிரித்தார். "லாபத்த எண்ணலையா! அடப் பாவமே, லாபத்தப் போயி விட்ருச்சே தம்பி" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் மூச்சு வந்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் புதன்கிழமை என்கிற வார்த்தை அவருக்குள் இறங்கியது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"புதன்கெழமையே தெரியுமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "அப்ப நான் பழத்தோட வந்தப்ப தம்பிக்குத் தெரியும்." மறுபடியும் தலையாட்டினேன்.

பாண்டியம்மா தழையைக் கீழே போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார். "ஒம் மகன் பரீட்சை எழுதணும்னா எம் புருசன் திருடனா இருக்கணுமா பாயம்மா? இப்பவே வாங்க, மேனேஜர் வீட்டுக்குப் போவோம். நீங்களே சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் எழுந்துவிட்டேன் மகனே. போகத்தான் எழுந்தேன். சின்னக்காளைதான் தடுத்தார்.

"இரு புள்ள" என்றார். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "தம்பி வாயால வந்தா அது தப்பா எண்ணுனது. என் வாயால வந்தா அது தம்பி மறைச்சது. பாயம்மா வாயால வந்தாலும் மறைச்சதுதான். எதுன்னு தம்பியே முடிவு பண்ணட்டும். நாளைக்கு ஒம்பது மணிக்கு நான் குடோன் கேட்டுக்கிட்ட நிப்பேன். தம்பி உள்ள போற வரைக்கும், பரீட்சைக்காரங்க கூப்புடுற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்கு மேல நான் பாத்துக்கிறேன்."

பாண்டியம்மா என்னைப் பார்க்காமலே தழையை அள்ளினார். டீ போடவில்லை. போட்டிருந்தாலும் எனக்கு இறங்கியிருக்காது. பஸ் நிறுத்தம் வரை சின்னக்காளைதான் கூட வந்தார். வழியில் ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பிக்கு இப்ப வீசிங் எப்புடி இருக்கு?" நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

உன் அத்தாவிடம் சொல்லிவிட்டேன். என் பிள்ளையை நீயே காட்டிக்கொடுத்துவிட்டாய் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். இருக்கட்டும். இன்றைக்கு உனக்கும் என்னைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தோன்றினால் திட்டு, சோற்றுத் தட்டை மட்டும் தள்ளிவிடாதே.

நீ உண்மையைச் சொன்னால் பரீட்சைக்காரர்கள் மெச்சிப் பாஸ் போடுவார்கள் என்று நான் உனக்கு ஆசை காட்ட மாட்டேன். கதைகளில் போடுவார்கள். மேனேஜர் முகம் சுளிக்கலாம், கையெழுத்தை நிறுத்தலாம், ஸ்ரீபெரும்புதூர் வேலை கை நழுவலாம். நீ மறுபடி அந்தப் பொட்டலப் பையை முதுகில் மாட்ட வேண்டி வரலாம். மாட்டு. நம் தெருவுக்கே ஆர்டர் வந்தாலும் தலை நிமிர்ந்து கொண்டுவந்து கொடு, நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஆனால் சொல்லாமல் பாஸ் பண்ணி நீ கொண்டுவருகிற சான்றிதழுக்கு இந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

வீட்டுச் சாவி வழக்கமான இடத்தில் இருக்கிறது. உன் நீல நிறச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். பம்பு மருந்தை மறக்காமல் பாக்கெட்டில் வை, பதற்றத்தில் மூச்சு வாங்கும். காலையில் நீ எழும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஒன்பது மணிக்கு அந்தக் கேட்டுக்கு வெளியே, சின்னக்காளைக்குப் பக்கத்தில் நிற்பேன். பெற்றவளே எதிர்ப் பக்கம் நிற்கிறாளே என்று கலங்காதே. நீ வந்து சேர வேண்டிய பக்கத்துக்கு நான் கொஞ்சம் முன்னாலேயே போய் நிற்கிறேன், அவ்வளவுதான்.

அம்மா